அமானிதமாக வந்த கிட்டார்



எங்கள் மூன்று பேருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மூன்று வருடத்துக்கு மேலாக எங்கள் வாடகை வீட்டில் ஒரு கிட்டார் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு தடவை அதைப் பெட்டியிலிருந்து எடுக்கிறோம், துடைக்கிறோம், கம்பிகளைப் பார்க்கிறோம், திரும்ப வைக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "வாசிக்கத் தெரியாத சேர்மாருக்கு இது எதுக்கு?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப் போனதால் இங்கே எழுதி வைக்கிறோம். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். கிட்டார் இல்லாத வீட்டுக்காரருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நினைக்கிறோம்.

கல்வியியற் கல்லூரி விடுதியில் நாங்கள் நான்கு பேர் ஒரே அறை. மூன்று பேர் நாங்கள். நான்காமவன் மட்டக்களப்பு நண்பன், கிறிஸ்தவன். அவன் வரும்போது இரண்டு பேக், ஒரு பாய், ஒரு கறுப்புப் பெட்டி கொண்டு வந்தான். பெட்டிக்குள் கிட்டார். அவனுடைய அப்பா கோயில் பாடகர் குழுவில் வாசித்தது. அப்பா மௌத்தாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று முதல் கிழமையே சொன்னான்.

பின்னேரம் பாடம் முடிந்து வந்தால் கொஞ்ச நேரம் வாசிப்பான். நாங்கள் தொழப் போகும் நேரம் அவனாகவே நிறுத்திவிடுவான், யாரும் சொன்னதில்லை. வாசித்து முடித்ததும் ஒரு பழைய பருத்திச் சாரன் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் மேலிருந்து கீழ் வரை துடைத்துத்தான் பெட்டியில் வைப்பான். பசியில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டிய நேரத்திலும் துடைப்பான். "குழந்தப் புள்ளைக்கும் இப்பிடிப் பவுடர் போட மாட்டாங்கடா" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவன் சிரித்துக்கொண்டே துடைப்பான்.

2022 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எரிபொருள் வரிசை, 13 மணித்தியால மின்வெட்டு, பாதி நாள் மூடிக் கிடந்த பாடசாலைகள். அந்த ஜூன் மாதம் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. நண்பனுக்கு வீட்டுக் கடன், தங்கச்சியின் படிப்பு. கட்டாருக்குப் போக முடிவெடுத்தான். அம்மாவும் தங்கச்சியும் மாமா வீட்டோடு போய் இருக்க, அவர்களுடைய வீடு வாடகைக்குப் போனது.

போகிறதுக்கு முதல் நாள் கறுப்புப் பெட்டியோடு எங்களிடம் வந்தான்.

"அங்க கொண்டு போகேலா மச்சான். ராவு பகல் ஏசிக்குள்ள கிடந்து காய்ஞ்சி வெடிச்சிரும். மாமா வீட்டுல சின்னப் புள்ளைகள். உங்கட்டத்தான் விட்டுட்டுப் போறன்."

மூன்று விசயம் சொன்னான். கம்பியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன், அப்படியே விடுங்கள். வெயிலும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். மாதத்துக்கு ஒருக்காவாவது திறந்து பாருங்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே வாயால் சொன்னோம்: "இது அமானிதம் மச்சான். கண்ணப் போல பாப்பம்."

பெட்டியை அலுமாரிக்கு மேலே, பின்சுவரோடு சேர்த்து வைத்தோம். யாருடைய கையும் படாத இடம். எலி ஏறாது, பிள்ளைகள் எட்டாது. பத்திரம் என்றால் இதுதான் என்று நினைத்தோம். அதற்குப் பிறகு பதினொரு மாதம் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

இனி அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு மேலே தகரம். அலுமாரிக்கும் தகரத்துக்கும் இடையில் மூன்று அடிதான். பகலில் வீட்டிலேயே ஆகச் சூடான இடம் அதுதான். பின்சுவர் மழைக்கு நனைகிற சுவர். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு மழை அடித்தால் உட்பக்கமும் ஈரம் பொசியும். கடற்கரையோ நடந்து போகிற தூரம். ஆகச் சூடான இடத்தையும் ஆக ஈரமான சுவரையும் தேடிப் பிடித்து அமானிதத்தை அங்கே வைத்திருக்கிறோம்.

2023 ஜூனில் வீட்டுக்காரர் சுவருக்குப் பூச்சடிக்க வேண்டும் என்றதால்தான் பெட்டியை இறக்கினோம். திறந்ததும் முதலில் வந்தது மணம். மழைக்காலத்தில் நனைந்த கொப்பிக் கட்டை அறையில் பூட்டி வைத்தால் வருமே, அந்த மணம். பெட்டியின் உட்துணியில் வெள்ளையாகப் பூஞ்சணம். கம்பிகள் பழுப்பு நிறம், தொட்டால் விரலில் துரு. கம்பிகளின் அடி நுனிகளைப் பிடித்து வைத்திருக்கிற கறுப்புக் கட்டை இருக்கிறதே, பிரிட்ஜ் என்பார்கள், அதன் பின்பக்கம் பலகையை விட்டு எழும்பியிருந்தது. ஒரு வருகைத் தாளை மடிக்காமல் அதற்குள் நுழைக்க முடிந்தது. முன்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு ஊதினது போல வளைந்திருந்தது.

அந்த நேரம் அறிந்தவர் ஒருவரைக் கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை. ஈரம் பிடித்த சாமான் என்றால் வெயிலில் போடுவதுதானே எங்கள் ஊர் வழக்கம்? பாய், தலையணை, நெல், கருவாடு எல்லாம் அப்படித்தான். கச்சான் காற்று வீசுகிற நாள். காலை பத்து மணிக்கு முற்றத்துக் கதிரையில் கிட்டாரை வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனோம். இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் முன்பலகையில், பிரிட்ஜிலிருந்து கீழ் விளிம்பு வரை, தலைமயிர் போல ஒரு கோடு. தடவினால் நகம் தடக்கியது. வெடித்திருந்தது.

கட்டாரில் காய்ந்து வெடித்துவிடும் என்று பயந்து எங்களிடம் தந்தான். எங்கள் முற்றத்தில் நான்கு மணித்தியாலத்தில் காய்ந்து வெடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எழுத வெட்கமான பகுதி. நண்பன் வெள்ளிக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் கதைப்பான். அங்கே அன்றுதான் விடுமுறை. கடைசியில் எப்போதும் "அப்பாட ஆள் எப்பிடி இரிக்காரு?" என்று கேட்பான். அந்த வெள்ளி "நல்லா இரிக்காரு" என்று சொன்னோம். அடுத்த வெள்ளியும் சொன்னோம். அதற்கடுத்த வெள்ளியும் சொன்னோம். திருத்தி வைத்துவிட்டால் அவனுக்குத் தெரியவே வராது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு.

எங்களில் ஒருவர் இஸ்லாம் பாடம் படிப்பிப்பவர். இசைக்கருவி விடயத்தில் கண்டிப்பான கருத்துள்ளவர், விடுதியிலும் அந்தச் சத்தம் வந்தால் வெளியே போய்விடுவார். நண்பனோடு அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான்காவது கிழமை அவருக்கு எட்டாம் ஆண்டில் அமானிதம் என்ற பாடம் வந்தது. வகுப்பு முடிந்து ஆசிரியர் ஓய்வறைக்கு வந்தவர் தேத்தண்ணி குடிக்காமல் இருந்தார். "பொருள ஒடச்சது ஒரு பிழை. நல்லா இரிக்கெண்டு சொன்னது அதவிடப் பெரிய பிழை. இண்டைக்கு நாமளே எடுத்துச் சொல்லுவம்" என்றார்.

அன்று இரவே அழைத்தோம். ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் சுற்றி இருந்து, பெட்டியை வைத்த இடம், திறக்காத பதினொரு மாதம், வெயிலில் வைத்தது, மூன்று வெள்ளி சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னோம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் வெட்டிவிட்டதோ என்று போனைத் தூக்கிப் பார்த்தோம். வெட்டவில்லை.

பிறகு கதைத்தான். கோபமாகக் கதைக்கவில்லை, அதுதான் எங்களை இன்னும் சுட்டது. "முதல்ல எல்லாக் கம்பியயும் தளர்த்துங்க. ஒண்டொண்டாக் கொஞ்சம் கொஞ்சமா. போட்டோ எடுத்து அனுப்புங்க. இனி வெயிலில வெக்காதீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "கழுத்துல முதல் மூணு கட்டத்துல மரம் குழிஞ்ச மாதிரி இரிக்கும். அப்பாட விரல் பட்ட இடம். யார் திருத்தினாலும் அத மட்டும் தேய்க்க விடாதீங்க."

போனை வைத்துவிட்டு விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தோம். இருந்தது. கம்பிகளுக்குக் கீழே கறுத்த மரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். விடுதியில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தும் எங்கள் கண்ணில் படாத ஒன்று.

யாரிடம் கொண்டு போவது? கடைத்தெருவில் ஒருவர் பிரிட்ஜுக்கு இரண்டு ஸ்க்ரூ ஆணி அடித்தால் சரி என்றார். நண்பனிடம் கேட்டோம், வேண்டவே வேண்டாம் என்றான். கடைசியில் எங்கள் பாடசாலைக்குக் கதிரை மேசை திருத்துகிற ஓடாவியிடம் கொண்டு போனோம். அறுபது வயதைத் தாண்டியவர். தேக்கும் முதிரையும் அறுத்துப் பழகிய கை. கிட்டார் திருத்தியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் ஒலித் துவாரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தவர், "இது ஒட்டுப் பலகையில்ல சேர், முழுப் பலகை. மேல ஓடுற ரேகை அப்பிடியே விளிம்புலயும் இறங்குது பாருங்க" என்றார். உங்கள் வீட்டுக் கிட்டாரையும் இப்படிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். விளிம்பில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப் பலகை, காலநிலையைக் கொஞ்சம் தாங்கும். ரேகை அப்படியே இறங்கினால் முழுப் பலகை. சத்தம் நன்றாக இருக்கும், பராமரிப்பும் கூடுதலாக வேண்டும்.

"வெட்டின மரமெண்டாலும் தண்ணி குடிக்கும் சேர். மழைக்கி வீங்கும், வெயிலுக்கு சுருங்கும். கதவு மார்கழியில இறுகிறதும் ஆடியில ஆடுறதும் இதாலதான். மெதுவா வீங்கி மெதுவா சுருங்கினா மரத்துக்கு ஒண்டுமில்ல. நீங்க வீங்கினத ஒரே நாளில காய வெச்சிட்டீங்க" என்றார்.

அவர் வெடிப்பில் அன்றைக்கே பசை வைக்கவில்லை. உள் அறையில், நிழலில், கம்பி இல்லாமல் ஒரு கிழமை சும்மா வைத்தார். மரம் காற்றின் ஈரத்தைத் திரும்ப எடுத்ததும் அந்தக் கோடு தானாகவே நெருங்கி மூடிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மெல்லிய மரப்பசையைக் கோட்டுக்குள் தேய்த்து இறக்கினார். ஒலித் துவாரத்தால் கையை விட்டு, வெடிப்புக்குக் குறுக்காக நகத்தளவு பலகைச் சில்லுகள் மூன்றை உட்பக்கம் ஒட்டினார். அந்த முன்பலகையின் தடிப்பு 3 மில்லிமீற்றர்கூட வராது. வெளியே தெரியாத இந்தச் சில்லுகள்தான் வெடிப்பு மேலும் ஓடாமல் பிடித்திருக்கின்றன.

பிரிட்ஜை மெதுவாகச் சூடு காட்டி முழுதாகக் கழற்றினார். பழைய பசையைச் சுரண்டி, மரத்தில் மரம் முட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் சுத்தம் பண்ணினார். பழைய பசைக்கு மேலே புதுப் பசை பிடிக்காது என்பது அவருடைய தொழிலில் முதல் பாடமாம். ஒட்டி, முளை போகிற துவாரங்களில் இரண்டுக்குள்ளால் போல்ட் விட்டு, உள்ளே ஒரு கட்டை கொடுத்து இறுக்கினார். இரண்டு நாள் தொட விடவில்லை. கழுத்துப் பக்கம் அவர் கையே வைக்கவில்லை. "அது எனக்குத் தெரியாத இடம்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனிதர். நாங்கள் அவரிடம் படித்ததில் அதுவும் ஒன்று.

கழுத்தை மட்டக்களப்பில் நண்பனின் அப்பாவோடு ஒரே குழுவில் வாசித்த ஒருவர் பார்த்தார். கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, அதை எல்-சாவியால் திருப்பித்தான் கழுத்தின் வளைவைச் சரி பண்ணுவார்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேலே திருப்பக் கூடாது, திருப்பிவிட்டுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். தெரியாதவர்கள் கை வைத்தால் உடைந்துவிடக்கூடிய இடம். நாங்கள் இன்றுவரை வைத்ததில்லை. அவரும் அப்பாவின் விரல் பட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டார்.

இனி நாங்கள் படித்துக்கொண்ட பராமரிப்பு. கடற்கரை ஊரில் கிட்டார் வைத்திருக்கிற எவருக்கும் உதவும்.

முதலாவது, ஈரப்பதம். கிட்டார் மரத்துக்குப் பிடித்தது 45 முதல் 55 வீதம். எங்கள் ஊரில் அது கிடைப்பது கஷ்டம். எங்களில் விஞ்ஞானம் படிப்பிப்பவர் முதலில் பாடசாலை ஆய்வுகூடத்து ஈர, உலர் குமிழ் வெப்பமானியை வைத்து அளந்தார். பிறகு சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கினோம். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு லேசான வழி இருக்கிறது. ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் மாதிரி ஆகும் வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் காற்றுப் போகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எங்களுடையது 71 காட்டியது. இப்போது வாசிக்கிற எண்ணோடு நான்கைக் கூட்டிக்கொள்கிறோம். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்து காட்டினோம், வகுப்பே சுற்றி நின்று பார்த்தது.

மார்கழியில் வீட்டுக்குள் 85-ஐத் தாண்டிய நாட்கள் உண்டு. கச்சான் பலமாக அடிக்கிற பகலில் 50-க்குக் கிட்ட இறங்கியதும் உண்டு. வெளியே ஏறி இறங்குவதைத் தடுக்க எங்களால் முடியாது. மூடிய பெட்டிக்குள் அந்த ஏற்ற இறக்கம் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் கிட்டாரைச் சுவரில் தொங்கவிடாமல் பெட்டியிலேயே வைக்கிறோம். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளைப் பெட்டிக்குள் வைக்கிறோம். சப்பாத்துப் பெட்டியில் வருகிற பைகளைச் சேர்த்து வைத்தாலே பாதித் தேவை முடியும். நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், மெதுவாகச் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. ஆகவே சமைக்கிற சட்டியில் சூடாக்க வேண்டாம், பிள்ளைகள் கைக்கும் எட்ட வேண்டாம். கச்சான் காலம் வந்ததும் பைகளை எடுத்துவிடுகிறோம். ஆரம்பத்தில் சிலிக்காவுக்குப் பதிலாக அரிசி கட்டி வைத்தோம். வண்டு வந்தது. அதோடு விட்டோம்.

இரண்டாவது, இடம். தகரத்துக்குக் கிட்ட வேண்டாம், மழை அடிக்கிற சுவரோடு வேண்டாம், தரையிலும் வேண்டாம். உள்சுவர்ப் பக்கம், கட்டில் உயரத்தில் ஒரு பலகை அடித்து வைத்திருக்கிறோம். கறையான் வருகிறதா என்று பலகையின் அடியையும் பார்ப்போம். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கிட்டாரை வைத்துவிட்டு ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் உண்டு. மூடிய வாகனத்தின் சூட்டில் பசை இளகும், கம்பி இழுக்கும், பிரிட்ஜ் எழும்பும்.

அந்த இழுவை எவ்வளவு என்று தெரிந்தபோது கணிதம் படிப்பிக்கிற எங்கள் மற்ற நண்பருக்கே நம்பிக்கை வரவில்லை. சுருதி கூட்டிய ஆறு உருக்குக் கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஒன்றரை மூட்டை அரிசியை அந்த மெல்லிய பலகை இரவு பகலாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் நீண்ட நாள் வாசிக்காமல் வைப்பதென்றால் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். முழுதாகக் கழற்றிப் போடவும் கூடாது, ஏனென்றால் கழுத்து அந்த இழுவைக்கு எதிராகவே செய்யப்பட்டது. கம்பி மாற்றும்போதும் ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுகிறோம்.

மூன்றாவது, துடைப்பது. நண்பன் துடைத்ததைப் பகிடி பண்ணிய எங்களுக்கு இப்போதுதான் காரணம் தெரியும். விரல் வேர்வையில் உப்பு. கடற்காற்றிலும் உப்பு. இரண்டும் சேர்ந்தால் கம்பி சில கிழமையில் துருப்பிடிக்கும். கையைக் கழுவி, ஈரம் உலர்த்தி, காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் அடியும் துடைக்க வேண்டும். பழைய சாரன் துண்டை விட நல்ல துணி கிடையாது. தேங்காய் எண்ணெய் மட்டும் பூச வேண்டாம். நாள் போனால் சிக்குப் பிடித்து மணக்கும், தூசியும் ஒட்டும். கழுத்துப் பலகை காய்ந்தது போலத் தெரிந்தால், அதற்கென்று விற்கிற எண்ணெயில் சில சொட்டை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை துணியில் எடுத்துத் தடவித் துடைத்தால் போதும்.

நான்காவது, பதிவு. ஒரு சீஆர் கொப்பி போட்டோம். திகதி, ஈரப்பதம், கம்பி, பிரிட்ஜுக்குள் தாள் நுழைகிறதா, வெடிப்புக் கோடு எப்படி, யார் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. சாமான் ஒரு நாளில் பழுதாவதில்லை. பார்க்காத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும். எழுதுகிற கொப்பி இருந்தால் பார்க்காமல் இருக்க முடியாது.

அந்தக் கொப்பியில் ஆகக் கூடுதலான கையெழுத்து இஸ்லாம் பாட நண்பருடையது. ஒரு நாள் நாங்களே கேட்டோம், உங்களுக்கு இதில் மனக்கஷ்டம் இல்லையா என்று. "என்ட கருத்து அப்பிடியேதான் இரிக்கி. நான் வாசிக்கல்ல, கேக்கவும் இல்ல. மத்தவன்ட பொருளப் பாக்கிறன். பொருளப் புடிச்சாத்தான் அமானிதம் பாப்பன் எண்டு சொல்லேலுமா?" என்றார்.

பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் ஒரு பெரியவரும் எங்களை நிறுத்தினார். "சேர்மார் ஊட்டுல கிட்டாரெண்டு கேள்விப்பட்டன்" என்றார். குரலில் சூடு இருந்தது. விசயத்தைச் சொன்னோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சரி. ஆக்கள்ட சாமான், கவனமாப் பாருங்க" என்று போய்விட்டார். பிறகு ஒரு நாள் அவரே தன் வீட்டு மழை ஈரத்துக்கு சிலிக்கா பை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

போன வருடம் நண்பன் ஒரு மாத லீவில் வந்தான். மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினவனைக் கூட்டிவந்து, தேத்தண்ணி கொடுத்து, பெட்டியை முன்னால் வைத்தோம். எங்கள் மூன்று பேருக்கும் சோதனை மண்டபத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. திறந்தான். வெடித்த இடத்தை விரலால் தடவினான். கோடு தெரியத்தான் செய்கிறது, மறைக்க நாங்கள் எதுவும் பூசவில்லை. பிறகு முதல் மூன்று கட்டங்களைத் தடவினான். அப்பாவின் பள்ளங்கள் அப்படியே இருந்தன. சுருதி கூட்டி, மெதுவாக ஏதோ வாசித்தான். இஸ்லாம் பாட நண்பர் எழும்பிக் குசினிக்குப் போய் அவனுக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். விடுதியில் நடந்தது போலவே நடந்தது.

போகும்போது கொண்டுபோய் மாமா வீட்டில் வைப்பதாகத்தான் திட்டம். அம்மா அறை ஒன்று ஒதுக்கியிருந்தார். அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. உடைத்தவர்களிடம் திரும்பத் தரச் சொல்லிக் கேட்க எங்களுக்கு என்ன உரிமை? பெட்டியோடு சீஆர் கொப்பியையும் கொடுத்தோம், மாமா வீட்டில் பார்க்கிறவருக்கு உதவட்டும் என்று. அவன் கொப்பியைப் பிரித்தான். முதல் பக்கத்தில் நாங்கள் செய்த பிழைகள் எல்லாம் திகதியோடு எழுதியிருக்கின்றன. அதிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு வரியாக வாசித்தான். அரை மணித்தியாலம் இருக்கும். இரண்டு பக்கத்தைப் போனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான்.

பிறகு ஒன்றும் பேசாமல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தினான். சாரன் துண்டை எடுத்துத் துடைத்தான். பெட்டியை மூடி, நாங்கள் அடித்த பலகையில் அவனே கொண்டுபோய் வைத்தான். கொப்பியில் அன்றைய வரியை எழுதி, "யார் பார்த்தது" என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டான்.

"2027 வரைக்கும் பாருங்க மச்சான்" என்றான்.

இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்.

வெளிநாடு போனவர்கள் நம்பித் தந்துவிட்டுப் போன சாமான்கள் எங்கள் ஊர் வீடுகளில் நிறைய இருக்கின்றன. தையல் மெசின், உறுதிக் கோப்பு, கல்யாண அல்பம், வாப்பாமாரின் பழைய கிதாபுகள், மோட்டார் சைக்கிள். யாரும் தொடக்கூடாது என்று அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்திருப்போம். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை ஒருக்கா இறக்கித் திறந்து பாருங்கள். பழுதாகியிருந்தால் முதலில் உரியவருக்குப் போன் எடுங்கள். திருத்துவது பிறகு. வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.